முனிரத்தினம் போட்ட கூரையும் நான் எழுதிய தாளும்

செய்தி ஜீப்பில் வந்தது. ஆலங்காயத்திலிருந்து தபால் பையைக் கொண்டுவரும் டிரைவர் பையை மேசைமேல் போட்டுவிட்டு, குடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஷீட் மேஸ்திரி செத்துட்டாரு போஸ்ட்டம்மா. வாணியம்பாடி பக்கம் ஒரு குடோன்ல பழைய ஆஸ்பெஸ்டாஸ் கழட்டிக்கினு இருந்தாராம். ஷீட்டு ஒடைஞ்சி உள்ள வுழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சு வெளியே போய்ச் சேர்வதற்குள் என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன், எதையும் அடிக்கப்போவதில்லை.

முனிரத்தினம் மேஸ்திரியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரோடு வேலை செய்தவர்கள் ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். "உங்களுக்குதான் எழுத வரும். மேஸ்திரியப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதிக் குடுங்க" என்று என்னைக் கேட்டார்கள். புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவள் நான். மனு, கடிதம், அழைப்பிதழ் என்று எழுத்து வேலை எதுவானாலும் என்னிடம்தான் வரும். நாலு நல்ல வார்த்தை எழுதுவது எனக்குப் பெரிய காரியம் இல்லை. ஆனால் அவரைத் தெரிந்த உங்களுக்குச் சிரிப்பு வரும். அவர் வாயிலிருந்து யாருக்கும் ஒரு நல்ல வார்த்தை வந்ததை நீங்களும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

முதன்முதலில் அவரைப் பார்த்தது எங்கள் ஊர்க் கொட்டகையில். மகளிர் குழுவுக்கு என்று கட்டிய கொட்டகை அது. புளிக்குக் கொட்டை எடுப்பது, சாமை புடைப்பது, மூட்டை கட்டுவது எல்லாம் அங்கேதான். குழுவின் செயலாளர் நான். பழைய தகரக் கூரையில் ஸ்குரூ அடித்த இடமெல்லாம் ஒழுகியது. மலை முகட்டுக் காற்றில் தகரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். கல்லைத் தூக்கி மேலே வைத்திருந்தோம். ஓட்டையே போடாமல், ஒரு ஷீட்டின் ஓரத்தை அடுத்த ஷீட்டின் ஓரத்தோடு மெஷினால் மடித்து இறுக்குகிற கூரை ஒன்று உண்டு, காற்றுக்கும் மழைக்கும் அதுதான் சரி, ஆனால் அதில் பயிற்சி எடுத்தவர்தான் போட வேண்டும் என்று பார்வையிட வந்த பொறியாளர் சொன்னார். ஆள் தேடினோம். மூன்று பேர் வந்தார்கள்.

முதல் ஆள் கீழே நின்றபடியே கூரையை அளந்துவிட்டார். இரண்டாம் ஆள் எங்கள் பொருளாளருக்குச் சம்பந்தி. எதைக் கேட்டாலும் "ஆவட்டும்மா" என்றார். மூன்றாவதாக வந்தவர் முனிரத்தினம். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. ஏணியை எடுத்து வைத்து மேலே ஏறிவிட்டார். அரை மணி நேரம் கழித்து, கையெல்லாம் துருவோடு இறங்கி வந்தார்.

"இத யாரு போட்டது?"

சம்பந்திக்காரர் கொஞ்சம் பெருமையாகவே, "நான்தாங்க" என்றார்.

"கைய காட்டு."

அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். முனிரத்தினம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் நல்லாத்தான கீது? அப்பறம் இத எதால போட்ட?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த மனுஷன் அதன்பிறகு கட்டிக் கொடுத்த மகளைப் பார்ப்பதற்குக்கூட எங்கள் ஊர்ப் பக்கம் ஆறு மாதம் வரவில்லை. சிரித்த எங்களில் ஒருத்திக்கும் அது அப்போது உறைக்கவில்லை.

சிரிக்க வைத்தார் என்பதற்காக வேலையைக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். "குடுக்காதீங்க" என்றார். "நான் போட்ட கூரை மூணு சொல்றேன். போய்ப் பாருங்க. வெயில்ல போவாதீங்க, மழ பெய்யும்போது போங்க." அப்படியே செய்தேன். கொட்டுகிற மழையில் ஆலங்காயத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய், குடையை மடக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணம் எதுவும் இல்லாத நாள். காவல்காரர் எனக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். மூன்றாவது கூரை ஒரு அரிசி மண்டி. முதலாளி முனிரத்தினத்தின் பெயரைக் கேட்டதும் கால் மணி நேரம் அவரைத் திட்டினார். ஷீட் கொஞ்சம் மெல்லிசாக இருந்தால் போதும் என்று இந்த முதலாளி சொன்னாராம். "இத வுட மெலிசா வேணும்னா உன் பொண்ணு கல்யாணப் பத்திரிகையத்தான் மேல போடணும்" என்று வேலையாட்கள் முன்னால் அவர் சொல்லிவிட்டாராம். எல்லாவற்றையும் திட்டி முடித்த பிறகு மண்டிக்காரர் மேலே பார்த்தார். "ஒழுகல. அத நான் சொல்லித்தான் ஆவணும்" என்றார். நான் திரும்பி வந்து, முனிரத்தினமே போடட்டும் என்று குழுவில் சொன்னேன். பொருளாளர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

வேலை நடந்த நாட்களில் ஒன்றை இந்த மலரைப் போடுகிறவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டும். உங்களில் ஒருவர் பின்பக்கச் சரிவில் மடிப்பை ஒரு விரல் அகலம் கோணலாக இறுக்கிவிட்டார். பெயர் வேண்டாம், அவருக்குத் தெரியும். மேஸ்திரி மூன்றாம் நாள்தான் அதைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, கோணலாக இறுக்கியவரின் மனைவி அவருக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள். அவளை நிற்க வைத்து, "பாரும்மா, உன் புருஷன் செஞ்ச வேலைய. இவனக் கட்டிக்கினதுக்கு நீ அழுவல, நான் அழுவுறேன்" என்றார். மூன்று நாள் வேலையை அவள் கண்ணெதிரே பிரிக்கச் சொன்னார். பிரித்து முடிக்கும்வரை அவள் புருஷன் சோற்றில் கை வைக்கக்கூடாது. அந்தப் பெண் தூக்குவாளியோடு பொழுது சாயும்வரை நின்றாள். இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் நாலு நல்ல வார்த்தை கேட்டீர்கள்.

கூரை முடிந்தது. அதன்பின் வந்த இரண்டு மழைக்காலத்தில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

முடித்த அன்று அவர் தபால் நிலையத்துக்கு வந்தார். வேலையை ஒப்படைக்கும்போது அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கூரையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை வாடிக்கையாளர் தம் கைப்பட எழுத வேண்டும். "அச்சடிச்சிக் குடுத்தா கையெழுத்துப் போட்டுட்டு மறந்துடுவாங்க. எழுதினாதான் பாதியாவது மண்டைல ஏறும்" என்பார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கூரைமேல் ஆள் நடக்க மாட்டோம். கல்லோ மூட்டையோ ஏற்ற மாட்டோம். புளியும் உப்பும் காய வைக்க மாட்டோம். மீறினால் பொறுப்பு எங்களுடையது.

புளி என்றதும் பேனாவை நிறுத்தினேன். "அது எதுக்கு மேஸ்திரி?"

"மலைக்காரங்க எங்க சூடு கீதோ அங்க புளியப் போடுவீங்க. மாசி பங்குனில ஜீப்ல வர்றப்ப பாக்கறனே, பாற மேல, மொட்ட மாடி மேல, எங்க பாத்தாலும் புளி. நீங்க வூட்டுல பித்தள சொம்ப எதால தேய்க்கறீங்க?"

"புளியும் உப்பும்தான்."

"அந்தச் சொம்பையே உரிச்சி எடுக்குது. இந்தத் தகடு மேல கீற பூச்சு எம்மாத்திரம்? எழுதுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது முதியோர் பணம் வாங்க ஒரு பாட்டி வர, அவருடைய விரல் ரேகையை வாங்குவதற்குத் திரும்பினேன். தாள் மேசைமேல் கிடந்தது. திரும்பிப் பார்த்தபோது மேஸ்திரி கிளம்பிக்கொண்டிருந்தார். "தாள் உங்ககிட்டயே இருக்கட்டும். கொட்டாய் செவுத்துல ஒட்டிடுங்க. ஏறப்போறவங்க கண்ணுல படணும்" என்றார்.

நான் ஒட்டவில்லை. குழுவில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, ஒட்டி என்ன பயன் என்று நினைத்தேன். வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நம் புளியை எங்கே காய வைப்பது என்று கீழ்நாட்டு ஆள் ஒருவர் நமக்குச் சொல்வதா என்றும் ஓர் எரிச்சல் இருந்தது. தாளை டிராயரில் போட்டு மூடினேன்.

அடுத்த பங்குனியில் மகசூல் அதிகம். பாறையில் இடம் போதவில்லை. காவேரி என்னிடம் வந்தாள். குழுவில் எனக்கு மிகவும் வேண்டியவள். படிக்கத் தெரியாதவள். அவள் தம்பி கேரளாவிலிருந்து போடும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன்.

"அக்கா, கொட்டாய் மேல நல்லா சூடா கீது. காய வச்சிக்கலாமா?"

தாள் எனக்கு நினைவுக்கு வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. "ஒரு வாரந்தான? வச்சிக்கோங்க" என்றேன். அந்த ஒரு வாரம் இரண்டு பங்குனிக்கு நீண்டது. கூடையோடு ஏறினார்கள், மடிப்புகள்மேல் நடந்தார்கள், உப்புத் தூவிய புளியைப் பாய் விரித்துப் பரப்பினார்கள். பாய் பறக்காமல் கல் வைத்தார்கள். மடிப்பு நசுங்கியதும் பூச்சு கருத்ததும் கீழே இருந்து பார்த்தால் தெரியாது. நான் மேலே ஏறிப் பார்க்கவே இல்லை.

போன ஐப்பசியில் காற்று அடித்தது. ஒரு பகல் வேளை. பின்பக்கச் சரிவில் மடிப்பு விட்டு ஒரு ஷீட் எழும்பியது. மழை உள்ளே இறங்க, பெண்கள் மூட்டைகளை இழுத்து ஓரமாகப் போட்டார்கள். காவேரி மூட்டைமேல் தார்ப்பாய் போர்த்தக் கையை நீட்டியபோது அந்த ஷீட் மடங்கி உள்பக்கமாக வந்து அடித்தது. வலது கையில் மூன்று விரல்கள். திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் தைக்க முடியாது என்றார்கள். புளிக் கொட்டை எடுப்பதில் எங்கள் குழுவிலேயே வேகமான கை அது.

மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம். காவேரி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரியைச் சொல்லி அனுப்பி வரவழைத்திருந்தார்கள். வந்ததும் வழக்கம்போல மேலே ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து, கூட்டத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர் முன்னால் நின்றார்.

"புளி போட்டிருக்கறாங்க. உப்பும் போட்டிருக்கறாங்க. நடந்து நடந்து மடிப்ப நசுக்கி வச்சிருக்கறாங்க. அதெல்லாம் செய்ய மாட்டோம்னு நான் எழுதி வாங்கியிருக்கறேன்."

"யாருகிட்ட வாங்கின?"

"இதோ, போஸ்ட்டம்மாகிட்ட. கைப்பட எழுதினாங்க. தாளு அவங்ககிட்டதான் கீது. கேளுங்க."

ஊர் முழுவதும் என்னைப் பார்த்தது. காவேரியும் பார்த்தாள். அவள் பார்வையில் சந்தேகம் இல்லை. அக்கா சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நான் ஆமாம் என்று சொன்னால், தெரிந்தே ஏறச் சொன்னவள் நான் என்று ஆகும். அந்த விரல்கள் என் தலையில் வந்து விழும். அந்த ஊரில் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு இருப்பது?

"அப்படி எதுவும் நான் எழுதலிங்க" என்றேன்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். இப்போது வாயைத் திறந்து என்னைக் கிழிக்கப்போகிறார் என்று நின்றேன். கிழித்திருந்தால் ஒருவேளை நான் உடைந்து உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "சரிங்கம்மா" என்றார். போய்விட்டார்.

அன்றே தீர்ப்பும் ஆனது. எங்கள் மலைநாட்டுக்குள் எந்த ஊரும் அவரைக் கூப்பிடக் கூடாது, ஜீப்பில் அவருடைய சாமானை ஏற்றக் கூடாது. மலையில் சொன்ன வார்த்தை சந்தை நாளில் ஆலங்காயத்துக்கு இறங்கும். மலைப் பெண் ஒருத்தியின் விரல்களை எடுத்த கூரை என்று பேர் ஆனது. வாடிக்கை ஒவ்வொன்றாகக் கழன்றது. அவர் நாக்கால் அடிபட்டவர்கள் நாலா பக்கமும் இருந்தார்கள். அவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? உங்களில் சிலரும் அந்தச் சமயம்தான் வேறு மேஸ்திரியிடம் போய்ச் சேர்ந்தீர்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அந்தத் தாளை அடுப்பில் போட்டேன்.

அதன்பிறகு அவரை ஒரே ஒரு முறை பார்த்தேன். ஆலங்காயம் பேருந்து நிலையத்தில், டீக்கடை வாசலில். கையில் சோற்றுப் பை. யாரிடமோ கூலிக்குப் போகிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நகரப் பார்த்தேன். அவர் விடவில்லை. நாலு பேர் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டே கூப்பிட்டார்.

"போஸ்ட்டம்மா! ஒரு மனு எழுதணும். எழுதித் தருவீங்களா? இல்ல, இப்பல்லாம் எழுதறத வுட்டுட்டீங்களா?"

அப்போது வந்து நின்ற ஒரு பேருந்தில் ஏறிவிட்டேன். அது எந்த ஊருக்குப் போகும் பேருந்து என்றுகூடப் பார்க்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். எடுத்து முடித்து, கூட்டம் கலைந்திருந்தது. அவர் மனைவி ராஜேஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒப்புக்கொண்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் தலையணைக்கு அடியிலிருந்து செல்போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத பாத்துட்டுப் பேசுங்க."

என் கையெழுத்து. கூரைமேல் ஆள் நடக்க மாட்டோம். புளியும் உப்பும் காய வைக்க மாட்டோம். கீழே என் பெயர். தாளுக்குப் பக்கத்தில் மேசைமேல் கிடந்த தேதி முத்திரையும், பாட்டியின் பெருவிரலைப் பிடித்திருக்கும் என் கையும் வளையலும். நான் திரும்பியிருந்த அந்த நிமிடத்தில் மேஸ்திரி படம் எடுத்திருக்கிறார்.

"இது... இது இருந்துதா? அன்னிக்கு ஊர்ல ஏன் காட்டல?"

"நான் கேக்கலன்னு நெனைக்கறீங்களா? கால்ல வுழுந்து கேட்டேன். இத எடுத்துக்கினு போய் அந்த ஊர்ல காட்டு, வேல போய்டுச்சி, வூட்டுக்கு என்னா பண்றதுன்னு கேட்டேன். அந்த ஆளு இன்னா சொன்னாரு தெரியுமா?" ராஜேஸ்வரி கண் கலங்கவில்லை. "'காட்டினா ஒரே நாள்ல முடிஞ்சிடும்டி. அந்தம்மா அழுவும், நாலு பேரு திட்டுவாங்க, அவ்ளோதான். காட்டலன்னா சாவற வரைக்கும் அதுகிட்டயே கெடக்கும். கெடக்கட்டும்'னாரு."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை.

"நீங்க அழுதா எனக்கு இன்னா? ஒருத்தர் பொய் சொன்னீங்க, ஒருத்தர் பழி வாங்கினீங்க. நடுவுல நான் இன்னா பண்ணேன்? ஐம்பத்தாறு வயசுல, மக்கிப்போன ஆஸ்பெஸ்டாஸ் மேல ஏற வேண்டிய ஆளா அவரு? கூரை மேல எங்க கால வைக்கணும்னு ஊருக்கே சொன்ன ஆளு." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உங்க நம்பர சொல்லுங்க" என்றார். அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு, தன் போனிலிருந்து அழித்தார். "இனிமே நீங்களே வச்சிக்கோங்க. கெளம்புங்க" என்றார்.

அந்தப் படத்தை இந்தக் கட்டுரையோடு அச்சிடக் கொடுத்திருக்கிறேன். அச்சிட மறுத்தால் கட்டுரையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று நானே படிக்கிறேன். ஊரின் தீர்ப்பு தப்பு. முனிரத்தினத்தின் கூரையில் குறை இல்லை. காவேரி, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். உன்னை மேலே ஏறச் சொன்னபோது எனக்குத் தெரியும். உன் கை போனது அவரால் இல்லை, என்னால்.

அவர் கொடியவர். அவர் நாக்குக்கு இரக்கம் கிடையாது. சாகிறவரை தன் வீட்டைப் பட்டினி போட்டாவது என்னைத் தண்டித்தார். அந்தத் தண்டனைக்கு நான் தகுதியானவள். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு படம். அதில் என் கையெழுத்து. எத்தனையோ கூரைகளை அளந்தவர், அளவில் அவர் பிசகி நான் பார்த்ததில்லை. என்னை அளந்ததில்தான் பிசகிவிட்டார். காட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார்.

காட்டியாயிற்று, மேஸ்திரி. முடியவில்லை.